கல்யாண வீட்டில் ரிபாயி டீ

என் வீட்டுக்காரர் ரிபாயி, பால் ஊற்றாத டீ போட்டுப் பிழைத்தவர். சங்கரன்கோவிலில் இன்றைக்கு இதைச் சொன்னால் யாரும் புதிதாகப் பார்க்க மாட்டார்கள். அவர் தொடங்கிய நாளில் பார்த்தார்கள். பார்த்ததோடு விடவும் இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் மவுத்து, சாவு என்று நடந்துவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் அண்டா நிறையக் கடுங்காப்பியோ கட்டன் டீயோ போட்டுக் கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள். பால் சேர்க்க மாட்டார்கள். துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் எழுந்து போவார்கள். எங்கள் வீடுகளில் மட்டுமில்லை, இந்துக்கள் வீட்டிலும் வேதக்காரர்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான். அதனால் டம்ளரில் கருப்பாக, பாலில்லாமல் ஒன்றைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர் மனசு நேராக ஒரு துட்டி வீட்டு வாசலுக்குத்தான் போகும். யார் போய்விட்டார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

இது தெரியாதவர் இல்லை அவர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் சவூதியில், தம்மாமில் பல வருஷம் இருந்ததில் அது மறந்துபோயிருந்தது.

தம்மாமில் அவருக்கு ஒரு கம்பெனி ஆபீஸில் டீ போடும் வேலை. தங்கிய அறையில் எல்லோரும் சேர்ந்து சமைப்பார்கள். ஷிப்ட் முடிந்து வந்து கறியும் சோறுமாகச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுப்பார்கள். எல்லோருக்கும் வயிற்றுப் பொருமல், நெஞ்செரிச்சல். அவருக்குத்தான் அதிகம். ஆபீஸ் சமையலறையில் இருந்த சீரகத்தையும் சோம்பையும் வைத்து அவராகவே ஏதேதோ செய்து பார்த்திருக்கிறார். ஓமம் அதிகமானால் கசந்தது. இஞ்சி அதிகமானால் தொண்டை காந்தியது. கடைசியில் ஒரு பக்குவம் வந்தது. அதைக் குடித்துப் பார்த்த ஆபீஸ்காரர்கள், விருந்து சாப்பிடுகிற நாட்களில் ரிபாயி டீ என்று பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். அரபிகள், மலையாளிகள், பிலிப்பைன்ஸ்காரர்கள் எல்லோரும் குடித்தார்கள் என்று போனில் சொல்வார். அந்த நேரத்தில் அவர் குரலில் இருந்த சந்தோஷம், சம்பளம் ஏறியபோதுகூட இருந்ததில்லை.

அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்து சேர்ந்தார். எங்கள் மகள் ஜஸீமா அவரை நேரில் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடவை வந்து போனார், அவ்வளவுதான். அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். அப்புறம் என் காதில், "போன் வாப்பாவா இது?" என்று கேட்டாள். அவளுக்கு வாப்பா என்றால் போனுக்குள் இருப்பவர்.

அது அவர் காதில் விழுந்துவிட்டது. சிரித்தார். இரண்டு நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார், இனிமேல் அரபு நாடு வேண்டாம் என்று.

என் அண்ணன் அப்போதும் தம்மாமில்தான் இருந்தார். தெரிந்த இடத்தில் ஒரு வேலை சொல்லி வைத்திருப்பதாகவும், நோன்பு பிறப்பதற்குள் முடிவு சொன்னால் விசா எடுத்துவிடலாம் என்றும் போனில் சொன்னார். என் வீட்டுக்காரர் அண்ணனிடம் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு கடை போட்டுப் பார்க்கிறேன் மச்சான், நோன்புக்குள் கடை நிலைத்தால் இங்கேயே இருக்கிறேன், நிலைக்காவிட்டால் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் ராஜபாளையம் ரோட்டில், ஒரு பிரியாணிக் கடைக்குப் பக்கத்தில் அந்த வண்டி வந்து நின்றது.

பிரியாணி சாப்பிட்டு வெளியே வருகிறவன் வயிற்றைத் தடவிக்கொண்டுதான் வருவான், அவன் முதலில் பார்க்கிற இடத்தில் நான் நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், டம்ளரைப் பார்த்தார்கள், பிறகு பக்கத்துக் கடையில் பன்னீர் சோடாவும் பீடாவும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எதிர்ச்சாரியில் குருசாமி அண்ணாச்சியின் டீக்கடை. பால் டீக்குப் பேர்போன கடை அது. என் வீட்டுக்காரர் ஒரு விஷயத்தில் வேடிக்கையான மனிதர். ஊருக்கெல்லாம் பாலில்லாத டீ போட்டுக் கொடுத்துவிட்டு, தினம் காலையில் குருசாமி அண்ணாச்சி கடையில் போய் ஆடை போட்ட பால் டீ குடிப்பார். அது அண்ணாச்சிக்கு வாய்க்கு அவல் போட்டமாதிரி. "ஏலே ரிபாயி, ஒன் துட்டி டீய நீயே குடிக்க மாட்டேங்குத. ஊர்க்காரன் எப்படில குடிப்பான்?" என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்வார். இவர் டீயை ஆற்றிக் குடிப்பார். துட்டி டீ என்ற பெயர் அந்தக் கடையிலிருந்துதான் கிளம்பியது. பிறகு தறிக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லோரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் ஒருவர் வந்து, டீ நல்ல வாசமாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் பால் மட்டும் விட்டுக் கொடும் என்று பிடிவாதமாகக் கேட்டிருக்கிறார். முதல் வியாபாரம் என்று இவரும் மனம் இளகி, குருசாமி அண்ணாச்சியிடமே பால் வாங்கி ஊற்றியிருக்கிறார். எலுமிச்சம்பழம் பிழிந்த டீயில் பால் விழுந்தால் என்ன ஆகும்? கட்டி கட்டியாகத் திரிந்து மேலே வந்தது. "துட்டி டீ போயி திரிஞ்ச டீ வந்துட்டு" என்று அண்ணாச்சி அதற்கும் ஒரு வாரம் சிரித்தார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். டீத்தூள் போடுவதால்தானே கருப்பாகிறது, அதை விட்டுவிட்டால் சீரகத் தண்ணீர் மாதிரி பொன்னிறமாக இருக்குமே என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கசாயம்னா நோயாளிதான் குடிப்பான், சாஜி. டீன்னாத்தான் எல்லாரும் குடிப்பான்" என்றார்.

அதில் அவர் கடைசிவரை மாறவே இல்லை. யாராவது வந்து, இது சுகருக்குக் கேட்குமா, குடல் புண்ணுக்குக் கேட்குமா என்று விசாரித்தால், "இது மருந்தில்ல அண்ணாச்சி, டீ" என்பார். நெஞ்சு வலிக்கிறது என்று வந்த ஒருவரை, டீ கொடுக்காமல் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். நன்றாகச் சாப்பிட்டவனுக்கு வயிறு இறங்கி, மனசு லேசாக வேண்டும். அவ்வளவுதான் அவர் டீயிடம் எதிர்பார்த்தது.

அவர் அதைப் போடுகிற விதத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சீரகத்தையும் சோம்பையும் வெறும் சட்டியில், சிறு தீயில் வறுப்பார். நிறத்தைப் பார்க்க மாட்டார். மூக்கைத்தான் நம்புவார். பச்சை வாசம் போய் ஒரு இனிப்பு வாசம் வருகிற நொடியில் இறக்கி, ஒன்றிரண்டாக இடிப்பார். கொதிக்கிற தண்ணீரில் அதையும் நசுக்கிய இஞ்சியையும் போட்டு, தீயைக் குறைத்து, தண்ணீர் நன்றாகச் சாறு இழுக்கும்வரை விடுவார். ஓமம் கிள்ளுப் போல, அதுவும் கடைசிப் பக்கம். ஏலக்காயை இரண்டாகப் பிளந்து போடுவார். இனிப்புக்குப் பனங்கற்கண்டு. அடுப்பை அணைத்தபிறகு கொஞ்சமாக டீத்தூளும் ஒரு கை புதினாவும் போட்டு மூடிவிடுவார். மூடியைத் திறக்கும்போது வருகிற வாசத்துக்கு எங்கள் தெருப் பூனைகள்கூடத் தலையைத் தூக்கும்.

எலுமிச்சம்பழம் மட்டும் கடைசியில்தான். அண்டாவில் பிழிய மாட்டார். பிழிந்து வைத்தால் நேரம் ஆக ஆகக் கசக்கும் என்பார். டம்ளரில் ஊற்றி, குடிக்கிறவர் கைக்குப் போகிற நேரத்தில், விரலிடுக்கில் விதையைத் தடுத்துக்கொண்டு அரை மூடியைப் பிழிவார். கருப்பாக இருக்கிற டீ, சாறு விழுந்ததும் மேலிருந்து கீழாக வெளுத்து, செம்பொன் நிறத்துக்கு வந்துவிடும். அந்த நிறம் தெரிய வேண்டும் என்பதற்காகவே பேப்பர் கப்பை வாங்க மாட்டேன் என்று கண்ணாடி டம்ளர்தான் வைத்திருந்தார். ஆனால் பார்க்க ஆள் வேண்டுமே. டம்ளரில் ஊற்றுகிறபோதே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களுக்கு நிறம் மாறுவது எங்கே தெரியும்?

நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. என் அண்ணன் போன் அடிக்கடி வர ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு திவான் ஒலி மாமா அவர் மகள் கல்யாணத்துக்கு டீ போடச் சொன்னார். மாப்பிள்ளை வீடு கடையநல்லூர். நல்ல வசதியான குடும்பம், பாதிப்பேர் வெளிநாட்டில். விருந்துக்குப் பிறகு ஐஸ்கிரீமும் சோடாவும்தான் வைக்க இருந்தார்கள். திவான் ஒலி மாமா எங்கள் நிலைமை தெரிந்தவர். உன் டீயையும் வை மக்கா, நாலு பெரிய மனுஷன் குடித்தால் உனக்கு நாளைக்கு நாலு ஆர்டர் வரும் என்று சொன்னார். இவர் அன்று வீட்டுக்கு வந்தபோது நடையே வேறு மாதிரி இருந்தது.

புளியங்குடிக்கு விடிகாலை பஸ்ஸில் போய், மார்க்கெட்டில் ஒவ்வொரு பழமாகக் கையில் உருட்டிப் பார்த்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். தோல் மெல்லிசாக, கனமாக, மஞ்சள் முழுசாக ஏறியது மட்டும்தான். வாடகைப் பாத்திரக் கடையில் கண்ணாடி டம்ளர் எடுத்து, மறுபடியும் நாங்கள் உட்கார்ந்து கழுவினோம். மஹாலின் பின்பக்கம், பிரியாணி வைக்கிற பண்டாரியின் அடுப்புக்குப் பக்கத்தில் அவருக்கு ஓர் அடுப்பு கொடுத்தார்கள். பண்டாரி நாலு ஊருக்குச் சமைக்கிற ஆள். இவர் சீரகம் வறுத்த வாசம் வந்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாராம். அதையே ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து சொன்னார்.

பந்தி பரிமாறுகிறவர்களிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். டீயை ஊற்றித் தட்டில் அடுக்குங்கள், ஆனால் நான் பழக்கூடையோடு வருகிறவரை வெளியே கொண்டுபோகாதீர்கள், ஒவ்வொருவர் முன்னாலும் நானே பிழிந்து கொடுக்கிறேன் என்றார். அவர்களும் தலையாட்டினார்கள்.

நிக்காஹ் முடிந்து, ஆண்கள் முதல் பந்தி உட்கார்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் தூரத்திலிருந்து வந்தவர்கள், நல்ல பசி. நினைத்ததைவிடச் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். இவர் அப்போது பின்பக்கக் குழாயடியில் பழம் நறுக்கிக்கொண்டிருக்கிறார். உள்ளே யாரோ, எங்கே டீ எங்கே டீ என்று சத்தம் போட, பரிமாறியவர்கள் அவசரத்தில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எலுமிச்சம்பழம் இல்லை. நிறம் மாறவில்லை. கல்யாண மஹாலின் நடுவில், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் முன்னால், வரிசை வரிசையாகக் கருப்பு டீ.

மாப்பிள்ளையின் தாய்மாமா முகம்மது மைதீன் ஒரு டம்ளரைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திரும்பத் தட்டிலேயே வைத்தார். நான் பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்றேன். அவர் சத்தம் போட்டுப் பேசவில்லை. ஆனால் மஹாலே அடங்கிப்போனதால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"என்ன வே திவான் ஒலி. நாங்க கல்யாணத்துக்கு வந்துருக்கோமா, துட்டிக்கு வந்துருக்கோமா?"

எடுத்தவர்கள் எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். கண்ணாடி தட்டில் படுகிற சத்தம் மட்டும் வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி, முதல் நாளே இப்படியா என்று முணுமுணுத்தாள்.

நான் பின்பக்கம் ஓடினேன். எனக்கு முன்னால் திவான் ஒலி மாமா அங்கே வந்திருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "ரிபாயி, அண்டாவ மூடிரு மக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இவர் அண்டாவை மூடினார். நறுக்கிய பழங்கள் கூடையில் அப்படியே இருந்தன. திரும்பி வந்த தட்டுகளைப் பரிமாறியவர்கள் ஒவ்வொன்றாகத் திண்டில் வைத்துவிட்டு, இவர் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்கள். இவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒங்க அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிரு. விசாவ எடுக்கச் சொல்லு" என்றார்.

ஜஸீமா அங்கேதான் இருந்தாள். பழக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விழுந்த விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் போனை எடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பின்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு கதீஜம்மாள் வந்தார். முகம்மது மைதீனின் அக்கா, மாப்பிள்ளைக்குப் பெரியம்மா. கனத்த உடம்பு. அவர் எந்தக் கல்யாணத்திலும் பிரியாணியைத் தொட மாட்டார் என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் காலையிலேயே சொல்லியிருந்தார்கள். தொட்டால் வயிறு ஊதி, மூச்சு முட்டி, அன்றைக்கு முழுக்கப் படுக்கைதான். ஆனால் அன்று தங்கச்சி மகன் கல்யாணம். பெண்கள் பந்தி தொடங்கும்முன்பே தனியாக ஒரு தட்டு வாங்கி, ஆசை தீரச் சாப்பிட்டுவிட்டார். இப்போது ஒரு கையால் கதவையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, காற்று வேண்டும் என்று வெளியே வந்திருந்தார். உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

நான் நாற்காலி போட்டேன். உட்கார்ந்தார். நெஞ்சு வலிக்கிறதா, கை குடைகிறதா, வியர்க்கிறதா என்று இவர் முதலில் விசாரித்தார். அதெல்லாம் ஒன்றுமில்லை மக்கா, வயிற்றில்தான் உருளுகிறது, ஒரு ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்றார் அவர். வரிசையாக இருந்த டம்ளர்களைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டார்.

இவர் தயங்கினார். பிறகு, தட்டில் ஆறிப்போனதை எடுக்காமல், அண்டாவைத் திறந்து புதிதாக ஒரு டம்ளர் ஊற்றினார். அவர் முன்னால் வந்து நின்று அரை மூடிப் பழத்தைப் பிழிந்தார். கதீஜம்மாள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பு இறங்கி, டம்ளர் முழுக்கச் செம்பொன்னாகிப் பின்பக்க வெயிலில் மின்னியது.

"இந்தா பாரேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாங்கினார். ஒரு வாய். இன்னொரு வாய். பாதி டம்ளர் போனதும் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் வந்தது அந்த ஏப்பம். பண்டாரி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தார். ஜஸீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கதீஜம்மாளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தையும் குடித்துவிட்டு, இன்னொன்று போடச் சொன்னார்.

அதன்பிறகுதான், இவ்வளவு டம்ளர் ஏன் தொடாமல் கிடக்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன். உள்ளே அவர் தம்பி சொன்ன வார்த்தையையும் சேர்த்தே சொன்னேன்.

கதீஜம்மாள் எழுந்தார். இரண்டாவது டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆண்கள் பக்கத்துக்கே நடந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தம்பி முன்னால் போய் நின்றார். நான் மறுபடியும் திரைக்குப் பின்னால்.

"ஏலே மைதீன், இதையா நீ துட்டிக் காப்பின்னு சொன்ன? துட்டி வீட்டுல எவன்ல எலுமிச்சம்பழம் புழிஞ்சு, ஏலக்காய் போட்டுக் குடுத்தான்? ஒம் மாமனாரு மவுத்துக்குக் குடுத்தாகளா?"

முதலில் ஒருவர் சிரித்தார். யார் என்று தெரியவில்லை. பிறகு நாலைந்து பேர். முகம்மது மைதீன், அக்கா, கொஞ்சம் மெதுவாகப் பேசு என்றார். கதீஜம்மாளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. எலுமிச்சம்பழம் கையில் கொடுப்பது கல்யாண வீட்டிலா, மய்யித்து வீட்டிலா என்று சபையையே கேட்டார். எங்கள் ஊரில் பெரிய மனிதரைப் பார்க்கப் போனாலும் நல்ல காரியத்துக்கு அழைக்கப் போனாலும் கையில் எலுமிச்சம்பழம்தான்.

அப்போது இவர் பழக்கூடையோடு உள்ளே வந்தார். பரிமாறியவர்கள் பின்னாலேயே தட்டுகளைக் கொண்டுவந்தார்கள், எல்லாம் புதிதாகச் சூடாக ஊற்றியது. நேராக முகம்மது மைதீன் முன்னால் போய் ஒரு டம்ளரை வைத்தார். புழியட்டுமா அண்ணாச்சி என்று மட்டும் கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். முகம்மது மைதீன் தலையசைத்தார். இவர் பிழிந்தார்.

அந்த மஹாலில் அத்தனை பேர் முன்னால் அது நிறம் மாறியது. எனக்குத் திரை வழியாகச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் கூட்டத்திலிருந்து எழுந்த ஒரு சின்ன ஆச்சரியச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. முகம்மது மைதீன் குடித்தார். ஒரே மூச்சில் இல்லை, ரசித்து, நிறுத்தி நிறுத்திக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தபோது அதில் ஒரு சொட்டு இல்லை.

"கடையநல்லூர்ல வர்ற மாசம் எங்க வீட்டுல ஒரு விருந்து இருக்கு. வருவேரா வே?" என்றார்.

அதன்பிறகு இவருக்கு நிற்க நேரமில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் போய்ப் பிழிந்தார். எனக்கும் பிழியும், எனக்கும் பிழியும் என்று டம்ளரை நீட்டினார்கள். மாப்பிள்ளைப் பையன் எழுந்து வந்து வாங்கிக்கொண்டான். பெண்கள் பந்திக்கு கதீஜம்மாளே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஐஸ்கிரீம் பாதி அப்படியே உருகிப் போனது. அண்டா காலியானபோது திவான் ஒலி மாமா வந்து இவர் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இவர் விரலெல்லாம் எலுமிச்சம்பழச் சாறு காய்ந்து வெளுத்திருந்தது.

அண்ணனுக்கு நான் போன் போட்டேன். எடுத்ததும் இவரிடம் கொடுத்துவிட்டேன். "மச்சான், அந்த விசாவ வேற யாருக்காவது குடுத்துருங்க" என்றார். அந்தப் பக்கம் அண்ணன் என்ன சொன்னார் என்று தெரியாது. இவர் நெடுநேரம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு நடந்தது எல்லாம் ஊருக்குத் தெரியும். கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர் என்று கல்யாணம் கல்யாணமாகப் போனார். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்தில் ஒரு வேதக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், பந்தி முடிந்ததும் பாதிரியாரே வந்து நின்று நிறம் மாறுவதை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனாராம். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தில் வண்டியைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கும். ராஜபாளையம் ரோட்டில் இவர் பழத்தைத் தூக்கிப் பிடித்தால் பஸ்ஸில் இருக்கிறவர்கள்கூட ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். கொரோனா சமயத்தில் ஊரே கசாயத்துக்கு அலைந்தபோது, இதையும் அப்படி விற்கலாமே என்று நாலு பேர் சொன்னார்கள். அப்போதும் அதே பதில்தான், இது மருந்தில்ல, டீ.

குருசாமி அண்ணாச்சி மட்டும் ரொம்ப நாள் பிடி கொடுக்கவில்லை. ஒருநாள் பேரன் காதுகுத்து விருந்தில் கறியை ஒரு பிடி பிடித்துவிட்டு, ரோட்டைத் தாண்டி வந்து, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒரு டம்ளர் போடுல" என்றாராம். இவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. அன்றைக்கு வழக்கத்தைவிடப் பெரிய பழமாக எடுத்துப் பிழிந்தேன் என்று மட்டும் என்னிடம் சொன்னார். மறுநாள் காலையிலும் வழக்கம்போல அண்ணாச்சி கடையில் போய்ப் பால் டீ குடித்தார்.

போன் வாப்பா என்ற பெயர் எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் ஜஸீமாவை ரிபாயி டீ மகள் என்றுதான் சொல்கிறார்கள். அவள் அதற்குக் கோபப்படுவது இல்லை.

போன மாசம் அவர் மவுத்தாகிவிட்டார். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தார், திரும்பி வரவில்லை. நான் இத்தாவில் இருக்கிறேன், புருஷன் போனவள் நாலு மாசம் பத்து நாள் தனித்திருக்கிற காலம். உள் அறையை விட்டு வெளியே போவது இல்லை.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். எந்தெந்தக் கல்யாணத்துக்கு வந்து டீ போட்டார் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. குருசாமி அண்ணாச்சி அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, அண்டாவில் கடுங்காப்பி போட்டுத் தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அப்போது சொந்தக்காரர் ஒருவர், நம்ம ரிபாயி வீட்டில் ரிபாயி டீயே போட்டுக் கொடுத்தால் என்ன, அவருக்கு அதுதானே மரியாதை என்றார். வீட்டில் எல்லாச் சாமானும் இருந்தது. அவர் வாங்கி வைத்த பழங்கள்கூட இருந்தன.

யாரும் பதில் சொல்லும் முன்னால் கதீஜம்மாளின் குரல் கேட்டது. வயசாகி, நடை தளர்ந்து, இரண்டு பேர் பிடித்துக்கொண்டுதான் கடையநல்லூரிலிருந்து வந்திருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"என்னல பேசுத. அது கல்யாண டீ. மய்யித்து வீட்டுல அதக் குடுக்கப்படாது."

அது சரிதான் என்று பலபேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அப்படி ஒரு வழக்கம் ஆதியிலிருந்தே இருப்பதுபோலச் சொன்னார்கள். குருசாமி அண்ணாச்சி கடுங்காப்பியை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தார். எனக்கும் ஒரு டம்ளர் உள்ளே வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை உடனே என் வீட்டுக்காரரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.